இருளப்பன் வருகை பதிவானது

இருளப்பனை அடக்கம் செய்த மறுநாள் காலை, முதல் ஷிப்டுக்கு அவன்தான் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான் என்று மில் வாசலில் முகம் பார்த்து வருகை பதிகிற மிஷின் காட்டியது. மிஷின் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று அதற்குள் எங்களுக்குப் பழகிப்போயிருந்ததால், நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். போய்ப் பார்த்தால், அவன் நூல் நூற்றுவந்த பதினேழாம் நம்பர் பிரேமும் பதினெட்டாம் நம்பர் பிரேமும் ஒரு இழைகூட அறுந்து தொங்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் மில் ரயில் கேட்டுக்கு மேற்கே, கருவேலங்காட்டைத் தாண்டி இருக்கிறது. நூற்புக் கூடத்தில் முதல் ஷிப்டுக்கு நாற்பத்தொரு பேர். நாற்பது என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. துடைப்பம் பிடிக்கிற செல்லக்கனியை விட்டுவிட்டால்தான் நாற்பது வரும், அவளை விடக் கூடாது.

மிஷின் வருவதற்கு முன்னால் ஆள் கணக்கு எடுத்தவர் டைம் ஆபீஸ் கோமதிநாயகம் அண்ணாச்சி. ஷிப்டு மாறும்போது பிரேம்களை எல்லாம் நிறுத்துவார்கள். அவர் ஒரு காலி நூல்பெட்டியின்மேல் ஏறி நின்று, கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், ஆள் பெயரும் தகப்பன் பெயருமாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது, பக்கத்தில் நிற்பவரைத் தொட்டு உசுப்பவும் கூடாது. யாராவது இறந்துபோனால் மறுநாள் அவர் பெயரையும் கூப்பிடுவார், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருப்பார், நாங்கள் இருமக்கூட மாட்டோம். மூன்றாவது முறையும் பதில் வராவிட்டால் "சரி, போகலாம்" என்பார், அந்த இடத்தில் வாரிசின் பெயரைக் கூப்பிடுவார், வாரிசு "இருக்கேன்" என்றதும் பிரேம்கள் ஓடத் தொடங்கும். ஒரு ஆள் போவதும் ஒரு ஆள் வருவதும் எங்கள் மில்லில் அப்படித்தான் நடந்தது. பெயர் கூப்பிடுவதால் தினமும் பத்து நிமிடம் வீண் என்று தலைமை ஆபீசில் கணக்குப் போட்டார்கள். பத்து ஆகாது, ஏழுதான் ஆகும். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள்.

மிஷின் வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். முகம் எடுக்கிற நாள் என்று நோட்டீஸ் ஒட்டியதை நாங்கள் போட்டோ எடுக்கிற நாள் என்று எடுத்துக்கொண்டு, ஆண்களும் பெண்களும் தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் அப்பி, பெட்டியில் இருந்த துணியை எடுத்து உடுத்திக்கொண்டு போனோம். இருளப்பன், தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டையில் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்றான். மறுநாள் வேலைக்குப் போகிற முகத்தோடு போனபோது மிஷினுக்கு எங்களை யாரென்று தெரியவில்லை. "முகம் அறியப்படவில்லை" என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. முகங்களை மறுபடி எடுக்கத் தலைமை ஆபீஸ் சம்மதிக்கவில்லை. ஆகையால் வாசல் சுவரில் ஒரு பவுடர் டப்பாவைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம், முதல் ஷிப்டும் இரண்டாம் ஷிப்டும் மூன்றாம் ஷிப்டும் அதை எடுத்து அப்பிக்கொண்டு உள்ளே போயின. "மில்லுக்குப் போறமா கூத்துக்குப் போறமாடே?" என்று எட்டாம் நம்பர் பிரேம் சுடலைமணி தினமும் கேட்பான், தினமும் சிரிப்போம்.

இருளப்பன் இறந்தது ரயில் கேட்டில். ஷிப்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், சரக்கு ரயிலுக்காகக் கேட்டில் நின்றான், ரயில் போய்க் கேட்டைத் திறந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தான், பின்னால் வந்த பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டபோதுதான் சைக்கிளோடு சாய்ந்தான். மறுநாள் குளிப்பாட்டிச் சந்தனக் கலர் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, முகத்துக்குப் பவுடர் பூசித் தூக்கிக்கொண்டு போனோம். மில்லில் வேலை பார்த்தவர்களின் பாடையை மில் வாசலில் ஒரு நிமிடம் இறக்கி, முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். இறக்கினோம், திருப்பினோம். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், இருளப்பன். உங்கள் வருகை பதிவானது," என்றது.

கொட்டு நின்றது. "செத்தும் உனக்கு லீவு கிடைக்கலையே மாப்ளே!" என்று சுடலைமணி அழுகையோடு சொன்னான், அழுதுகொண்டிருந்தவர்களில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கொட்டு மறுபடி தொடங்கியது, தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம்.

அவன் வேலைக்கு வந்தது இப்படித்தான். ஆளாகத் தெரியவில்லை. ஆனால் நூற்புக் கூடத்தில் பறக்கிற பஞ்சுத் தூசி எல்லார்மேலும் படிவதுபோல அவன்மேலும் படிந்தது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே வெறும் காற்றில் படிந்த இடம் தோளாக இருந்தது, அதற்கு மேலே படிந்தது தலையாக இருந்தது, இழை அறுந்த இடத்துக்கு வெள்ளையாக இரண்டு விரல்கள் போய் ஒட்டிவிட்டுத் திரும்பின. பக்கத்துப் பிரேம் மரகதம் முதல் நாள் கொஞ்சம் தள்ளி நின்றாள், மறுநாளிலிருந்து "என்ன அண்ணே, வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். கேன்டீன்காரர் அவனுக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து பிரேம் ஓரத்தில் வைத்தார், டீ ஆடை படிந்து ஆறியது, அதைச் செல்லக்கனி குடித்தாள். அவன் இன்னும் உறுப்பினர்தானா என்று சங்கத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள், முடிவு எட்டவில்லை. மேஸ்திரி மட்டும், "இந்த மில்லுலயே பாத்ரூம் போகாத ஒரே ஆளு, பார்த்துக் கத்துக்கிடுங்க," என்றார்.

இருளப்பனுக்கு ஷிப்டு முடியவே இல்லை. நாங்கள் போன பிறகும் நின்றான், இரண்டாம் ஷிப்டுக்காரர்களோடு நின்றான், மூன்றாம் ஷிப்டிலும் நின்றான்.

பதினாறாம் நாள் காரியத்தில் சோற்றைக் காக்கை தொடவில்லை. உச்சி வெயில் வரைக்கும் சீனியம்மாள் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாள் இருளப்பனின் மனைவி. வெளியே வேலைக்குப் போனதில்லை, எதற்கும் சத்தம் போட்டதில்லை. "அவன் டூட்டியில இருக்கான், எப்படி வருவான்?" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரை யாரும் கண்டிக்கவில்லை. அது உண்மை என்று எல்லோருக்கும் பட்டது. சீனியம்மாள் இலையை மடித்து எடுத்துக்கொண்டு, அன்று சாயந்திரமே மில்லுக்கு வந்தாள்.

மானேஜர் அனுமதி கொடுத்தார். அவள் பதினேழாம் பிரேமுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு, வீட்டில் சட்டையைத் தட்டிவிடுவதுபோல, முந்தானையால் அவன் தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். தட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். மெதுவாக அந்த இடத்தில் மறுபடி பஞ்சு படிந்தது.

"கூன் விழுந்துட்டே," என்றாள் மரகதத்திடம். "நேராத்தானே நிப்பாரு. முன்னாடி இப்படியா இருந்தாரு?"

"நாளுக்கு நாள் தலை இறங்குது மதினி. நாங்களும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்."

"உக்காரணும் அவரு."

மிஷினைப் போட்ட கம்பெனியிலிருந்து ஹரிணி என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். நல்ல பெண். சீனியம்மாளைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

"அவர் பேரை எடுத்துரு தாயி," என்றாள் சீனியம்மாள்.

"எடுக்கணும்னா அவர் தொடர்ந்து வராம இருக்கணும்மா. அப்ப சிஸ்டமே எடுத்துரும்."

"அவருதான் செத்துட்டாரே."

"வர்றாரேம்மா."

சீனியம்மாள் யோசித்துப் பார்த்தாள். "ஆமா, வர்றாரு," என்றாள். "செத்துட்டாருன்னு போட ஒரு இடம் இருக்காதா அதுல?"

"வருகை, தாமதம், விடுப்பு. இந்த மூணுதான் எங்ககிட்ட கேட்டாங்க. லீவு வேணும்னாகூட அவரே வந்து முகத்தைக் காட்டித்தான் கேட்கணும்." ஹரிணிக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

தனக்கு வாரிசு வேலை கிடைக்குமா என்று சீனியம்மாள் மானேஜரிடம் கேட்டபோது, இடம் காலியானால்தானே வாரிசு என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. சீனியம்மாளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கட்டிக்கொடுத்த மகளும் மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம் இரண்டாம் ஷிப்டு பரமக்குட்டி காய்ச்சலில் இறந்தான். அவன் வீட்டார் பாடையை வாசலில் இறக்கவா வேண்டாமா என்று ரயில் கேட்டிலேயே நின்று பேசினார்கள். அவன் தாயார், "எங்கேயாவது நின்னுக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்," என்று சொன்னதால் இறக்கினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து மூன்றாம் ஷிப்டு ஆறாம் நம்பர் பிரேம் அருளம்மாள். அவள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை, நேரே இறக்கிவிட்டார்கள். பிறகு வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: மில் தொழிலாளி எவரேனும் காலமானால் குடும்பத்தார் உடலை வாசலுக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், நிர்வாகத்தின் சார்பில் மலர்வளையம் வைக்கப்படும், வண்டி தேவைப்பட்டால் ஏற்பாடு செய்யப்படும். மலர்வளையங்களை முன்கூட்டியே வாங்கி, வாடாத பிளாஸ்டிக் பூவில், காவலாளி அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வாரமே, எங்கள் கணக்கில் சேராமல் ஒப்பந்தத்தில் வந்துகொண்டிருந்த ஆறு பேரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் மில்லில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை. இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டோம்.

சீனியம்மாள் தினமும் மில் வாசலுக்கு வந்து நிற்பாள். பெயர் கூப்பிட்ட அண்ணாச்சிக்கு அப்போது மிஷினின் கண்ணாடியைத் துணியால் துடைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். எல்லோரும் பவுடரோடு வந்து மூஞ்சியைக் காட்டுவதால் அது சீக்கிரம் மங்கிவிடும். அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அவள் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கூப்பிடலைல்ல. அதான் அவரு போகலை."

அவர் துணியை உதறி மடித்தார். "நான் எப்படிம்மா கூப்பிடுவேன்? எனக்கு யாரு சொல்லணும்?"

"நான் சொல்லுதேன்."

"சத்தம் இருக்கக் கூடாதும்மா. பிரேம் ஓடுற சத்தத்துல நான் கூப்பிடறது எனக்கே கேக்காது, அவனுக்கு எப்படிக் கேக்கும்? அவன் பதில் சொல்லலைன்னுதான் நமக்கு எப்படித் தெரியும்? மூணு தடவை கூப்பிடுற அளவுக்கு எல்லாப் பிரேமும் நிக்கணும்."

"நிறுத்தச் சொல்லுங்க."

"யாருகிட்ட?"

அவள் எங்களைக் கையால் காட்டினாள்.

ரயில் கேட் டீக்கடையில் கூடிப் பேசினோம். ஒரு பிரேம் நின்றால் யார் நிறுத்தியது என்று தலைமை ஆபீஸ் போர்டில் அந்த ஆளின் பெயர் சிவப்பாகிவிடும்.

"சிவப்பானா அதோட வேலை போச்சு," என்றான் சுடலைமணி. "முன்ன மாதிரி நம்ம இடத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை மில்லுக்காரனுக்கு. சுடுகாட்டுக்குப் போறவன் வரிசையா வாசல்ல வந்து இறங்குதான், வண்டி வேற விடுதான்."

மரகதம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஏன் சுடலை, நீ சாவவே மாட்டியோ?"

"ஏன்?"

"நாளைக்கு நீ செத்தா உன்னையும் எட்டாம் நம்பர்ல நிறுத்துவான். கூன் விழ நிப்ப. உன்னை யாருடே வந்து கூப்பிடுவா?"

அவன் டீக்குக் காசை எண்ணிப் பலகைமேல் வைத்தான். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஷிப்டு மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பஞ்சு வண்டி வருகிற பின்கதவு வழியாகச் சீனியம்மாளை அழைத்துக்கொண்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். பழைய நூல்பெட்டி ஒன்றைத் தேடிக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். மரகதம்தான் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அவளுக்கு அடுத்தவன் அழுத்தினான், அவனுக்கு அடுத்தவள், அப்படியே கூடத்தின் அந்தக் கடைசி வரைக்கும் பிரேம் பிரேமாகச் சத்தம் குறைந்துகொண்டே போனது, சுடலைமணி கையைப் பொத்தானுக்குமேல் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றான், பிறகு அவனும் அழுத்தினான். அருளம்மாளுடைய பிரேமையும் இருளப்பனுடைய இரண்டையும் செல்லக்கனி போய் நிறுத்தினாள். பரமக்குட்டி நின்ற பிரேமையும் அவளேதான் நிறுத்தினாள்.

மிஷின் வந்த பிறகு அந்தக் கூடத்தில் நாங்கள் கேட்ட முதல் அமைதி அது. காது வலித்தது. கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது, யாருடைய வயிறோ இரைந்தது, எங்கள் மூச்சு எங்களுக்கே அந்நியமாக இருந்தது. பிரேம்களோடு மின்விசிறிகளும் நின்றுவிட்டதால் காற்றில் இருந்த பஞ்சு முழுவதும் மழைபோலக் கீழே இறங்கியது. இறங்க இறங்க, பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருளப்பன் சட்டைக் காலர் வரைக்கும் துலக்கமாகத் தெரிந்தான். நெஞ்சைத் தொடுகிற மாதிரித் தலை தொங்கியிருந்தது.

"இருளப்பன், சண்முகம் மகன்."

தலை நிமிர்ந்தது.

"இருளப்பன், சண்முகம் மகன்."

திரும்பி எங்களைப் பார்த்தான். முகத்தில் பஞ்சு படியாத இரண்டு குழிகள் இருந்தன. உயிரோடு இருந்தபோது அவன் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் "இருக்கேன்" என்று சொல்வான். இப்போது அந்தச் செருமல் கேட்டது. கேட்டது என்று எல்லோரும் பிற்பாடு சொன்னோம். சீனியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் பதில் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அப்புறம் அவனை யாராலும் அனுப்ப முடியாது.

"இருளப்பன், சண்முகம் மகன்."

நாங்கள் காத்திருந்தோம். புறா நடப்பதை நிறுத்தியிருந்தது. பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. இருளப்பன் பின்னால் கையை நீட்டித் தடவிப் பார்த்து, உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவனைப்போல, முட்டியை மடக்கி மெதுவாக உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் உருவம் உதிர்ந்தது. தரையில் இரண்டு கைப்பிடிப் பஞ்சு கிடந்தது.

"சரி, போகலாம்," என்றார் அண்ணாச்சி.

அடுத்ததாக அவர் வாரிசின் பெயரைக் கூப்பிட வேண்டும், அதற்கு அப்புறம் அருளம்மாளையும் பரமக்குட்டியையும் கூப்பிட வேண்டும். அவர் மூச்சை இழுக்கும்போதே தலைமை ஆபீசிலிருந்து பிரேம்களை ஓட்டிவிட்டார்கள். யாரும் பொத்தானைத் தொடவில்லை, எல்லாம் ஒன்றாக ஓடின. அண்ணாச்சியின் வாய் அசைந்தது எங்களுக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அருளம்மாளின் ஆறாம் நம்பரில் அறுந்த ஒரு இழைக்கு இரண்டு வெள்ளை விரல்கள் போய்த் திரும்பின.

அந்தப் பஞ்சைச் செல்லக்கனி பெருக்கவில்லை. அள்ளிச் சீனியம்மாள் மடியில் போட்டாள்.

மறுநாள் காலை நாங்கள் பவுடர் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். மரகதம் முகத்தைக் காட்டினாள். "முகம் அறியப்படவில்லை," என்றது மிஷின். சுடலைமணி காட்டினான். "முகம் அறியப்படவில்லை." ஒவ்வொருவராகக் காட்டினோம். இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டு காட்டினோம், துடைத்துவிட்டுக் காட்டினோம். செல்லக்கனி துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுகூடக் காட்டிப் பார்த்தாள். அண்ணாச்சி கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டுத் தன் முகத்தைக் காட்டினார், அதே பதில்தான். காவலாளி எங்களைத் தெரியாதவர்போலப் பார்த்தார். உண்மையில் அவருக்கு எங்களைத் தெரியும், எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் தெரியும். அவருக்குப் பின்னால் அறையில் மலர்வளையங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சுவருக்கு உள்ளே பிரேம்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதுக்குள்ள நம்ம போகணும்னா இனிமே படுத்துக்கிட்டுத்தான் போகணும்," என்றான் சுடலைமணி. யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கவைக்கச் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறியது. வீட்டுக்குப் போகலாமென்று யாரும் சொல்லவில்லை, இங்கே நிற்கலாமென்றும் சொல்லவில்லை. அப்போது அண்ணாச்சி துடைக்கிற துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டி இல்லாததால் வெறும் தரையிலேயே, மில்லுக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்று, பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

சுவருக்குப் பின்னால் இரைச்சல் இருந்ததால் அவர் உரக்கக் கூப்பிட வேண்டியிருந்தது, நாங்களும் உரக்கப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இருக்கேன் என்றாள் மரகதம். இருக்கேன் என்றான் சுடலைமணி, பவுடரும் வியர்வையும் கன்னத்தில் வழிய. ஒவ்வொருவர் பெயரும் தகப்பன் பெயரோடு வந்தது, ஒவ்வொருவரும் இருந்தோம். இருளப்பன் இடம் வந்தபோது அதை மட்டும் தாண்டிப் போனார். செல்லக்கனியோடு நாற்பது ஆனது. அதற்கு அப்புறம்தான் தாண்டிய இடத்துக்குத் திரும்பி வந்தார்.

"சீனியம்மாள், இருளப்பன் மனைவி."

பதில் இல்லை. அவள் வரிசையின் ஓரத்தில், மடியில் இருந்த பஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மில் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"சீனியம்மாள், இருளப்பன் மனைவி."

மரகதம் அவளுக்குப் பக்கத்தில், கை தொடுகிற தூரத்தில் நின்றாள். தொடக் கூடாது. எங்களில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சீனியம்மாளின் கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அண்ணாச்சி வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். மூன்றாவது தடவை கூப்பிடாமல் விட அவருக்கு வழியில்லை.

"சீனியம்மாள், இருளப்பன் மனைவி."

சுவருக்குப் பின்னால் பிரேம்கள் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே தொண்டையைச் செருமுகிற சத்தம் ஒன்று கேட்டது.

"இருக்கேன்," என்றாள். பிறகு, அது அவருக்குக் கேட்டிருக்காதோ என்று நினைத்தவளாக, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சத்தம் போட்டுச் சொன்னாள்: "இருக்கேன் அண்ணாச்சி, இங்கதான் இருக்கேன்."